ஏரி தெளிஞ்சா வீட்டு விலை ஏறும்... யாரோட வீட்டு விலை?

போன வாரம் நைட் டூட்டி. மணி ரெண்டரை இருக்கும். கேஷுவாலிட்டி கொஞ்சம் அடங்கின நேரம். கூட இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா போனை நீட்டினாங்க.

"டாக்டர், இதைப் பாருங்களேன். லேக் வியூ அபார்ட்மென்ட்டாம். ஏரியைப் பார்த்த பால்கனின்னா மூணு லட்சம் கூடுதலா கேக்குறாங்க. குடுக்கலாமா?"

படத்துல ஏரி நல்ல நீலம். நடுவுல ஒரு அன்னம் வேற. அந்த ஏரியை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பஸ் போகும்போது கண்டக்டரே ஜன்னலை மூடச் சொல்லுவார்.

"மூணு லட்சம் பால்கனிக்கா, ஏரிக்காக்கா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துருச்சு, பேச்சு நின்னுபோச்சு.

ஆனா கேள்வி என்னை விடல. தண்ணி சுத்தமா இருந்தா பக்கத்து வீட்டோட விலை எவ்வளவு ஏறும்? அந்த லாபம் யாருக்குப் போகும்? செலவு யார் தலையில விழும்? இதுக்கெல்லாம் பதில் சொல்ற ஒரு ஏரி உலகத்துல இருக்கு. அதோட கதைதான் இது. நீளமான திரெட், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க மக்களே.

இடம் அமெரிக்காவின் வடமேற்கு மூலை, சியாட்டில் நகரம். மேற்கே ப்யூஜெட் சவுண்ட் என்கிற கடல். கிழக்கே வாஷிங்டன் ஏரி. வடக்கு தெற்காக சுமார் 35 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 65 மீட்டர். நடுவில் மெர்சர் ஐலண்ட் என்று ஒரு தீவு. கிழக்குக் கரையில் மெடினா என்கிற குட்டி ஊர். பில் கேட்ஸ் பங்களா கட்டினது அங்கேதான். இன்றைக்கு அமெரிக்காவிலேயே விலை உயர்ந்த கரைகளில் இதுவும் ஒன்று.

அதே ஏரிக்கு 1963-ல் உள்ளூர்ப் பத்திரிகை வெச்ச பேர் 'லேக் ஸ்டிங்கோ'. நம்ம பாஷையில சொன்னா 'நாத்த ஏரி'.

கதையை இன்னும் கொஞ்சம் பின்னாடியிலிருந்து ஆரம்பிக்கணும். 1916-ல் ஏரியைக் கடலோடு இணைக்க ஒரு கப்பல் கால்வாய் வெட்டினார்கள். அதில் ஏரியின் நீர்மட்டம் சுமார் ஒன்பது அடி இறங்கியது. கரை பின்வாங்கியது, தண்ணீருக்கு அடியில் இருந்த நிலம் வெளியே வந்தது, கரையோரத்தில் புதிதாக மனைகள் உருவாயின. அதே நேரம் ஏரியின் தெற்கு முனையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பிளாக் ரிவர் என்கிற ஆறு வறண்டுபோனது. துவாமிஷ் என்கிற பூர்வகுடி மக்கள் காலங்காலமாகக் குடியிருந்து மீன் பிடித்த ஆறு அது. ஒருத்தருக்கு மனை கிடைச்சப்போ இன்னொருத்தருக்கு ஆறு போச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வருவோம்.

இப்ப சாக்கடைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சியாட்டில் தன் சாக்கடையில் ஒரு பகுதியை நேராக ஏரியில் விட்டது. 1936 வாக்கில் அதில் பெரும்பகுதியைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள். பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. 1940-ல் ஏரிக்குக் குறுக்கே மிதக்கும் பாலம் போட்டார்கள். பாலம் வந்ததும் அக்கரையில் வீடுகள் முளைத்தன. போர் முடிந்து திரும்பியவர்கள், புதுக் குடும்பங்கள், புறநகர்கள். ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. 1940-களின் ஆரம்பத்திலிருந்து 1950-களின் நடுப்பகுதிக்குள் அப்படிப் பத்து நிலையங்கள். பத்தும் சுத்திகரித்த நீரை விட்டது அந்த ஒரே ஏரியில். 1960-களின் ஆரம்பத்தில் அது ஒரு நாளைக்குச் சுமார் ஏழரைக் கோடி லிட்டர்.

"சுத்திகரிச்ச தண்ணிதானே டாக்டர், அப்புறம் என்ன?" நியாயமான கேள்வி.

எங்க வார்டுல அடிக்கடி நடக்கும். கால்ல புண்ணோட ஒருத்தர் வருவார். புண்ணைச் சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, ஆன்டிபயாடிக் குடுத்து அனுப்புவோம். ரெண்டு வாரத்துல அதே கால், பெரிய புண். அப்பதான் சுகர் பார்ப்போம், 400 இருக்கும். அந்தக் காலத்து சுத்திகரிப்பு நிலையங்களும் இதைத்தான் செய்தன. கிருமி, மலம், நாற்றம் எல்லாவற்றையும் குறைத்தன. ஆனால் பாஸ்பரஸ் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. மனிதக் கழிவிலும் உண்டு, போருக்குப் பின் வீட்டுக்கு வீடு வந்த சலவைப் பவுடரிலும் உண்டு. வயலுக்கு உரம் எப்படியோ பாசிக்குப் பாஸ்பரஸ் அப்படி. ஊர் கூடி ஏரிக்கு உரம் போட்டது.

1955 ஜூன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எட்மன்சன் என்றொரு விலங்கியல் பேராசிரியர். ஏரிகளைப் படிப்பதே அவர் தொழில். அவருடைய மாணவர் ஆண்டர்சன் எடுத்த தண்ணீர் மாதிரியில், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு இழை தெரிந்தது. ஆஸிலடோரியா ரூபெசென்ஸ். நீலப்பச்சைப் பாசி வகை, ஆனால் நிறம் சிவப்பு.

இந்தப் பாசிக்கு ஐரோப்பாவில் ஒரு பூர்வகதை உண்டு. 1476-ல் ஸ்விட்சர்லாந்தின் மூர்ட்டன் ஏரிக்கரையில் ஒரு போர். பர்கண்டிப் படை தோற்று, ஏராளமான வீரர்கள் ஏரியிலேயே மாண்டார்கள். பிற்காலத்தில் அந்த ஏரியில் சிவப்பாக ஏடு படியும்போதெல்லாம் அங்கே இருந்த மீனவர்கள் அதை 'பர்கண்டிக்காரன் ரத்தம்' என்றார்கள். எட்மன்சனுக்கு அந்தக் கதையைவிட இன்னொரு ஏரி முக்கியமாகப் பட்டது. அது சூரிச் ஏரி. அங்கே இதே பாசி 1898-ல் தலைகாட்டியது, அதற்குப் பிறகு அந்த ஏரி கெட்டுக்கொண்டே போனது. அதனால் ஒரே ஒரு இழையைப் பார்த்ததுமே எட்மன்சனுக்கு மீதிக் கதை தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேல ஒரு சின்ன நிழலைப் பார்த்ததும் சீனியர் சர்ஜன் முகம் மாறுமே, அது மாதிரி.

அடுத்த வருஷமே அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கட்டுரை எழுதினா சாக்கடை நிக்குமா? நிக்காது. அதற்கு ஒரு வக்கீல் வேண்டியிருந்தது.

ஜேம்ஸ் எல்லிஸ். முப்பத்தி சொச்சம் வயசு, கிட்டத்தட்ட என் வயசு. அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். ஏரி ஒண்ணு. அதைச் சுத்தி நகராட்சிகள் பல. ஒவ்வொருத்தரும் தன் எல்லைக்குள் சட்டப்படி சரியாக நடக்கிறார்கள், ஆனாலும் ஏரி சாகிறது. எல்லா ஊரும் சேர்ந்து ஒரே அமைப்பு, ஒரே குழாய்த் திட்டம், ஒரே கட்டணம் வேண்டும். ஏரியை விட்டால் என்ன ஆகும், பாஸ்பரஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எட்மன்சன் அவருக்குக் கடிதம் எழுதி விளக்கினார். 1957-ல் மாநில சட்டமன்றம் அதற்கு வழிவிட்டது. அமைப்பின் பெயர் மெட்ரோ. ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டால்தான் அது பிறக்கும். சியாட்டிலுக்குள்ளும் தனியாகப் பெரும்பான்மை வேண்டும், வெளியே புறநகர்களிலும் தனியாகப் பெரும்பான்மை வேண்டும்.

1958 மார்ச்சில் முதல் வாக்கெடுப்பு. சியாட்டிலில் ஜெயித்தது, புறநகரில் தோற்றது. 'எங்க தலைக்கு மேல இன்னொரு அரசாங்கமா?' என்பது எதிர்த்தவர்களின் வாதம். கழிவுநீரோடு போக்குவரத்தையும் நகரத் திட்டமிடலையும் ஒரே மூட்டையாகக் கட்டி நீட்டினால் யாருக்குமே பயம் வரத்தான் செய்யும். எல்லிஸ் மூட்டையை அவிழ்த்தார். கழிவுநீர் மட்டும் போதும் என்றார். அந்த வருஷக் கோடையில் ஏரிக் கடற்கரைகளில் 'குளிக்காதீர்கள்' என்ற பலகைகள் நின்றன. பெண் வாக்காளர் சங்கத்தினர் ஆதரவு திரட்டினார்கள். செப்டம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. இரண்டு பக்கமும் ஜெயித்தது.

விலை என்ன தெரியுமா? மொத்தத் திட்டம் சுமார் 14 கோடி டாலர். அன்றைய அமெரிக்காவில் அவ்வளவு பெரிய தண்ணீர் மாசுத் தடுப்புத் திட்டம் வேறு இல்லை. ஒரு வீட்டுக்கு மாசம் இரண்டு டாலர். கரையில் பங்களா வைத்திருந்தவருக்கும் இரண்டு டாலர், ஏரியே கண்ணில் படாத தெருவில் இருந்தவருக்கும் இரண்டு டாலர்.

அந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு.

1963-ல் முதல் நிலையத்தின் கழிவுநீர் ஏரியிலிருந்து திருப்பப்பட்டது. 1968-ல் கடைசி நிலையமும் திருப்பப்பட்டது. பத்திரிகை 'நாத்த ஏரி'ன்னு எழுதினது குழாய் வேலை பாதியில் இருந்தபோது. அந்த நேரத்துல எல்லிஸுக்குத் தூக்கம் வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம். மருந்து ஆரம்பிச்சாச்சு, காய்ச்சல் இறங்கல, அட்டெண்டர் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கார். அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

ஏரி தெளிகிறதா இல்லையா என்று எப்படி அளப்பது? கோடிக்கணக்கில் கருவி எதுவும் வேண்டாம். ஒரு தட்டும் ஒரு கயிறும் போதும். 1865-ல் செக்கி என்கிற இத்தாலியப் பாதிரியார், வானியல் வல்லுநரும்கூட, போப்பின் கப்பலில் போய்க் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிப் பார்த்தார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. இன்றைக்கும் உலகம் முழுக்க ஏரிக்காரர்கள் கையில் இருப்பது செக்கி தட்டுதான். ஏரிகளில் இருபது சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு. எங்களுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி.

1964-ல் வாஷிங்டன் ஏரியில் அந்தத் தட்டு 30 அங்குலத்திலேயே மறைந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உங்க பாதம் உங்களுக்கே தெரியாது. 1968-ல் பத்து அடி.

'சேற்றில் படிந்த பாஸ்பரஸ் திரும்பத் திரும்ப மேலே வரும், ஏரி அவ்வளவு சீக்கிரம் தேறாது' என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எட்மன்சன் தேறும் என்றார், எழுத்திலேயே சொன்னார். ஏரி ஆழமானது, சீடார் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்து சில வருஷங்களிலேயே ஏரியை மாற்றிப் போட்டுவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. சலவைப் பவுடர் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. பாசிக்குக் காரணம் பாஸ்பரஸ் இல்லை, கார்பன் என்கிற வாதம் அப்போது பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. 1973-ல் கனடாவில் ஒரு சிறிய ஏரியைப் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைப் பசேல் என்று ஆனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகு வாதாட யாருக்கும் பெரிசா ஒண்ணும் மிச்சமில்லை.

1976-ல் வாஷிங்டன் ஏரி யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு இன்னும் தெளிந்தது. காரணம் டாஃப்னியா என்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்த்தெள்ளு. பாசியை வடிகட்டித் தின்னும் பிராணி. முன்பு அந்தச் சிவப்பு இழைகள் அதன் வாய்ப்பகுதியில் சிக்கி அதைச் சாப்பிட விடவில்லை. அதைத் தின்னும் சிறு இறால் ஒன்றும் இருந்தது. இழைகள் போயின, இறாலும் குறைந்தது, தெள்ளு பெருகியது. பிறகு வந்த வருஷங்களில் தட்டு இருபது அடிக்குக் கீழேயும் தெரிந்தது. ஊரே ஓட்டுப் போட்டுத் தொடங்கின வேலையைக் கடைசியில் ஒரு பூச்சி முடிச்சுக் குடுத்துச்சு.

சரி, காசுக்கு வருவோம். அக்கா கேட்டது அதைத்தானே.

மெடினாவில் வீட்டு விலை ஏறினதுக்கு ஏரி தெளிஞ்சது மட்டும்தான் காரணம்னு நான் சொன்னா அது பொய். போயிங் இருந்தது. 1986-ல் மைக்ரோசாஃப்ட் பக்கத்து ரெட்மண்டுக்குக் குடிவந்தது. பணம் கொட்டின ஊர் அது. தண்ணீரின் பங்கை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒரே மாதிரி வீடுகளை எடுத்து ஒப்பிட வேண்டும். அதே அளவு நிலம், அதே எண்ணிக்கை அறைகள், நகரத்திலிருந்து அதே தூரம், வித்தியாசம் ஏரியின் தெளிவில் மட்டும். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது வயசு, பாலினம், சுகர், பிரஷர் எல்லாம் ஒத்துப்போகிற இரண்டு குழுக்களை எடுப்போமே, அதே முறை.

இதை அமெரிக்காவில் 1960-களிலேயே தொடங்கிவிட்டார்கள். விஸ்கான்சின் மாநில ஏரிக்கரை நிலங்களை வைத்து எலிசபெத் டேவிட் 1968-ல் வெளியிட்ட ஆய்வு முன்னோடிகளில் ஒன்று. தண்ணீரின் தரம் நிலத்தின் மதிப்பில் தெரிகிறது என்றது அது. பிறகு மெய்ன் மாநிலம். அங்கே 1971 முதலே தன்னார்வலர்கள் படகில் போய்ச் செக்கி தட்டை இறக்கிக் குறித்து வைத்திருந்தார்கள். பல வருஷத் தெளிவுக் கணக்கு ஒரு கையில், பத்திரப் பதிவு விலை இன்னொரு கையில். 1996-ல் வந்த ஆய்வின்படி, தெளிவு ஒரு மீட்டர் கூடினால் கரையின் முகப்பில் ஓர் அடிக்கு 11 டாலரிலிருந்து 200 டாலர் வரை விலை வித்தியாசம், ஏரியைப் பொறுத்து. நூறு அடி முகப்புள்ள மனைக்குப் போட்டுப் பாருங்க. ஆயிரம் டாலரும் ஆகலாம், இருபதாயிரமும் ஆகலாம். தட்டும் கயிறும் வெச்சு அளந்த ஒரு மீட்டருக்கு!

அதே குழுவின் பின்னாளைய ஆய்வில் வந்த ஒரு விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தெளிந்த ஏரி இன்னும் கொஞ்சம் தெளிந்தால் வரும் லாபம் சிறிது. அதே அளவுக்குக் கலங்கினால் வரும் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு. எங்க பாஷையில கிட்னி மாதிரி. நல்லா இருக்கறப்போ யாரும் மதிக்க மாட்டாங்க. கிரியாட்டினின் ஏற ஆரம்பிச்ச பிறகுதான் அதோட விலை தெரியும்.

நஷ்டம் எவ்வளவு வேகமா வரும்னு பார்க்க ஒஹையோ மாநிலத்துக்குப் போகணும். அங்கே கிராண்ட் லேக் செயின்ட் மேரிஸ் என்று ஒரு ஏரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வாய்க்குத் தண்ணீர் தர வெட்டியது. சுற்றிலும் பண்ணைகள், மழை பெய்தால் சாண உரம் ஏரிக்குள் வரும். 2010-ல் ஏரி பெயிண்ட் கொட்டியது போலப் பச்சையானது. தண்ணீரைத் தொடாதீர்கள் என்று மாநில அரசு எச்சரித்தது. அந்த மாநிலத்தின் உள்நாட்டு ஏரிகளையும் வீட்டு விலைகளையும் வைத்து 2017-ல் வந்த ஆய்வு சொன்னது இது. பாசி விஷம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஏரிக்குப் பக்கத்து வீடுகளின் விலை 11 முதல் 17 சதவீதம் விழுகிறது. கரையை ஒட்டிய வீடுகளில் 22 சதவீதத்துக்கும் மேல். அந்த ஒரு ஏரியில் மட்டும் வீட்டுக்காரர்கள் இழந்தது 5 கோடி டாலருக்கும் அதிகம். சுத்தம் பண்ண அரசு செலவழித்ததைவிட அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பாசி விஷம்னு சாதாரணமா சொல்லிட்டேன். அதன் பெயர் மைக்ரோசிஸ்டின். ஈரலைத் தாக்கும். கொதிக்க வெச்சாலும் போகாது. 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த ஏரித் தண்ணீரில் இது இருந்தது. டயாலிசிஸில் தண்ணீர் ரத்தத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போகும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள். எங்க டயாலிசிஸ் யூனிட்டில் ஆர்ஓ பிளான்ட் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். வீட்டு விலை விழுந்த கவலையை நான் குறைச்சு மதிக்கல. ஆனா விலைப் பட்டியலில் வராத கணக்கும் ஒண்ணு இருக்கு.

இப்போ அந்த இரண்டு டாலருக்குத் திரும்பலாம்.

எல்லாரும் ஒரே கட்டணம் கட்டினார்கள். ஏரி தெளிந்தது. தெளிவு ஏரியில் இருந்தாலும் அதன் விலை போய் உட்கார்ந்தது கரையோரப் பத்திரங்களில். பொதுப்பணத்தில் நடந்த சிகிச்சை, தனியார் சொத்தில் தெரிந்த தேர்ச்சி. இதுல தப்பு என்னன்னு கேக்கலாம். கரை யாருக்கு வேணும்னாலும் விலைக்குக் கிடைச்சிருந்தா பெரிய தப்பு இல்லை. கிடைக்கவில்லை. லாரல்ஹர்ஸ்ட் போன்ற ஏரிக்கரைக் குடியிருப்புகளின் பழைய பத்திரங்களில் 'வெள்ளையரைத் தவிர மற்றவர்களுக்கு விற்கக் கூடாது' என்கிற ஷரத்து இருந்தது. 1948-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. நடைமுறையில் பாகுபாடு தொடர்ந்தது. 1964-ல், வீடு விற்பதில் இனப் பாகுபாடு கூடாது என்கிற சட்டம் சியாட்டிலில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏரியைக் காப்பாற்ற ஓட்டுப் போட்ட நகரம் இதை இரண்டுக்கு ஒன்று என்கிற கணக்கில் தோற்கடித்தது. கடைசியில் அந்தச் சட்டம் நகர மன்றத்தில் நிறைவேறியது 1968-ல். கடைசி நிலையத்தின் கழிவுநீர் ஏரியிலிருந்து திருப்பப்பட்ட அதே வருஷம். அதாவது, ஏரி விலை ஏறத் தயாராகி நின்ற பிறகுதான் கதவு திறந்தது.

ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி நியாயமாகாது. 1903-லேயே ஓம்ஸ்டெட் சகோதரர்கள் போட்டுக் கொடுத்த பூங்காத் திட்டத்தால் சியாட்டில் பக்கத்துக் கரையில் நீளமான ஒரு பகுதி பொதுச் சாலையாகவும் பூங்காவாகவும் இருக்கிறது. சீவர்ட் பூங்கா அப்படி வந்ததுதான். அங்கே யாரும் இறங்கிக் குளிக்கலாம், டிக்கெட் கிடையாது. தெளிந்த தண்ணீரில் பத்திரம் இல்லாதவனுக்கும் கிடைத்த பங்கு அது ஒன்றுதான்.

அடுத்த கேள்வி. திருப்பிவிட்ட கழிவுநீர் எங்கே போச்சு?

மாயமா மறையல. வெஸ்ட் பாயின்ட் என்கிற இடத்தில் கட்டிய நிலையத்திலிருந்து கடலுக்குப் போனது ஒரு பகுதி. தெற்கே ரென்டனில் கட்டிய நிலையத்திலிருந்து சுத்திகரித்த நீர் 1980-களின் பின்பாதி வரை துவாமிஷ் ஆற்றுக்குள் போனது. ஆமாம், 1916-ல் பிளாக் ரிவரை இழந்தார்களே, அந்த மக்களின் பெயரைத் தாங்கிய ஆறு. ஏற்கெனவே கரை முழுக்கத் தொழிற்சாலைகள். 2001-ல் மத்திய அரசு அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியை நாட்டின் மோசமான நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. முக்கியக் காரணம் தொழிற்சாலை ரசாயனங்கள், மெட்ரோவின் குழாய் இல்லை. அதையும் சொல்லிடணும். ஆனால் தொழிற்சாலையாக இருந்தாலும் கழிவுநீராக இருந்தாலும், எந்தக் கரை காப்பாற்றப்படும், எந்தக் கரை தாங்கிக்கொள்ளும் என்று முடிவானது ஒரே மாதிரிதான்.

அந்த ஆற்றோரம் ஜார்ஜ்டவுன், சவுத் பார்க் என்று இரண்டு குடியிருப்புகள். கூலிக்கு வேலை செய்பவர்கள், வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் அதிகம். 2013-ல் அந்தப் பகுதியின் ஆரோக்கியத்தைக் கணக்கெடுத்து ஓர் அறிக்கை வந்தது. அவர்களின் சராசரி ஆயுளை ஏரிக்கரை லாரல்ஹர்ஸ்ட்டோடு ஒப்பிட்டார்கள்.

வித்தியாசம் 13 வருஷம்.

ஒரே நகரம். காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஏரித் தண்ணி தெளிவா இருக்கறதால யாருக்கும் 13 வருஷம் ஆயுள் கூடாது, அது எனக்கும் தெரியும். வருமானம், காற்று, வேலை, சாப்பாடு, டாக்டரைப் பார்க்க முடிகிறதா என்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்டுல ரெண்டு பெட்டுக்கு நடுவுல அப்படி ஒரு வித்தியாசம் இருந்தா, கேஸ் ஷீட்டை மூடி வெச்சுட்டு வீட்டுக்குப் போக மாட்டோம்.

எட்மன்சன் 2000-ல் காலமானார். எல்லிஸ் 2019 வரை இருந்தார். வாஷிங்டன் ஏரி இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் 'தேறிய நோயாளி'. நானும் அப்படித்தான் சொல்லுவேன். அந்த இரண்டு பேரும் செய்தது பெரிய காரியம். ஓட்டுப் போட்டு மாசம் இரண்டு டாலர் கட்டின பெயர் தெரியாத குடும்பங்கள் செய்தது அதைவிடப் பெரிசு.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்ல எனக்கு நேரம் கிடைச்சது மூணு நாள் கழிச்சு, அதுவும் டீக்கடையில நின்னுக்கிட்டே. பாதியிலேயே நிறுத்தினாங்க.

"அதெல்லாம் விடுங்க டாக்டர். நான் நேத்து அந்த ஆபீஸுக்கே போன் பண்ணேன். பால்கனி, ஏரி, அன்னம் எல்லாம் சரி, நூத்தி இருபது வீட்டு டாய்லெட் தண்ணி எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சைட் இன்ஜினியர் லைன்ல வருவார்னாங்க. இன்னும் வரல."